ஆஸ்டாவின் கால் நுழைய இடம்

சமையல் மேடைக்குக் கீழே இருக்கும் அலமாரியின் அடியில், மேடையை ஒட்டி நிற்பவரின் பாதம் நுழைவதற்கு, உள்வாங்கினாற்போல் ஒரு பள்ளம் விடுவார்கள். நான் விடவில்லை. இருபத்தாறு வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுச் சமையலறையை நானே செய்தேன். பலகையை நேராகத் தரைவரை இறக்கினேன். பள்ளம் விட்டால் அலமாரியில் இடம் வீண், தூசி வேறு சேரும் என்பது என் கட்சி. யார் சொன்னாலும் கேட்கிற ஆளா நான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கட்சி மண்ணைக் கவ்வியது. பக்கவாதம் வந்து மூன்று மாதமாக மருத்துவமனையில் இருந்த என் மனைவி ஆஸ்டாவை, சக்கர நாற்காலியில் ஒரு மணி நேரத்துக்கு வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். கூடவே, அவள் இனி எங்கே இருக்கலாம் என்று பார்த்து எழுத நகராட்சியிலிருந்து ரிக்கே என்ற பெண். ஆஸ்டா தன் சமையலறையில் தானே காபி போட்டுக் காட்ட வேண்டும். முடிந்தால் வீடு, முடியாவிட்டால் எங்கள் தீவின் அந்தக் கோடியில் இருக்கும் முதியோர் இல்லம்.

நாற்காலியின் கால்தட்டு அலமாரிப் பலகையில் இடித்து நின்றது. ஆஸ்டா நல்ல கையை எட்டியமட்டும் நீட்டினாள். குழாய்க்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண்.

"கால் உள்ள போக இடமே இல்லையே," என்றாள் ரிக்கே. "யாரு செஞ்ச கிச்சன் இது?"

"நான்தான். நாற்காலிய பக்கவாட்டுல நிறுத்திப் பாக்கலாமே?"

"அந்தப் பக்கம் திருப்ப சுவர் இடிக்குது, இந்தப் பக்கம் நிறுத்தினா குழாய் பக்கம் வர்றது செயலில்லாத கை, ஐவின்."

அடுத்த செவ்வாய் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ரிக்கே அவளைக் கூட்டிப்போனாள்.

மூன்று தச்சர்களுக்குப் போன் செய்தேன். ஈஸ்டர் முடியட்டும் என்றார்கள் மூவரும். எழுபத்துநாலு வயதில் ரம்பத்தை நானே எடுத்தேன். பாத்திரம் கழுவும் தொட்டி சரியாமல் இருக்கக் கட்டைகளை முட்டுக் கொடுத்து, தரையில் படுத்துக்கொண்டு, என் பலகையின் அடியை நானே அறுத்து எடுத்தேன். ஒரு பக்கம் கோணலாகப் போனது. பயமாக இருந்தது. அவளில்லாத வீட்டில் மூன்று மாதம் எப்படியோ ஓட்டிவிட்டேன், நாலாவது மாதம் என்னால் முடியாது. படுத்தபடியே அழுதேன்.

அப்போதுதான் தரை கண்ணில் பட்டது. அலமாரியை விட்டு ஒரு சாண் தள்ளி, மரத்தில் இரண்டு தேய்ந்த இடங்கள், வாத்து நிற்பதுபோல் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பி. இத்தனை வருடமும் பாதத்தைத் திருப்பி வைத்து, இடுப்பை வளைத்து நின்றுதான் அவள் பாத்திரம் கழுவியிருக்கிறாள்.

செவ்வாய் வந்தது. கால்தட்டு பள்ளத்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது. ஆஸ்டா குழாயைத் திறந்தாள், தண்ணீர் பிடித்தாள், காபி போட்டாள். எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"அப்ப வீட்டுக்குன்னு எழுதிடட்டுமா?" என்றாள் ரிக்கே.

"எழுதாதீங்க," என்றாள் ஆஸ்டா.

நாக்கு இழுத்துக்கொண்டதால் அவளுக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரமெடுத்தது.

"முதுகு வலிக்குது, கால் வைக்க இடம் விடுன்னு வருஷக்கணக்கா சொன்னேன். இவன் காதுல ஏறல. நீங்க வந்து ஒரே ஒரு தடவ சொன்னீங்க. அறுத்துட்டான். நீங்க போனப்புறம் இந்த வீட்டுல நான் சொல்றத யாரு கேப்பா?"

நான் மறுக்கப் பார்த்தேன். ஆனால் அவள் சொன்னது நினைவிருந்தது. தூசி சேரும் என்று நான் சொன்ன பதிலும் நினைவிருந்தது.

"போயிடாத, ஆஸ்டா," என்றேன். "வேற என்னெல்லாம் சொல்லியிருக்க, நான் கேக்காதது?"

ஆஸ்டா நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"நிறைய இருக்கு. இப்ப நான் பேசுற பேச்சுக்கு ரொம்ப நேரமாகும்."

"ஆகட்டும்."

ரிக்கே எதுவும் எழுதாமல் ஃபைலை மூடினாள். முடிவை எழுத வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கலாம் என்றாள்.

"முதல்ல," என்றாள் ஆஸ்டா, "படுக்கையறை... ஜன்னல்..."

அடுத்த வார்த்தை வாயில் சிக்கிக்கொண்டது. அது என்னவென்று எனக்குத் தெரியும்போல்தான் இருந்தது. ஆனாலும் நான் எடுத்துக்கொடுக்கவில்லை. அவளே சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன்.