வெளியே திறக்கும் கதவு

கால் வட்டம், காம்பஸ் முள்ளைக் கீல் வரும் இடத்தில் ஊன்றிப் பென்சிலைச் சுழற்றினால் தாளில் ஒரு கதவு திறந்துகொள்ளும், அது எந்தப் பக்கம் திறக்கிறது, எவ்வளவு இடத்தை விழுங்குகிறது என்பதெல்லாம் அந்தக் கால் வட்டத்திலேயே இருக்கிறது, இன்டீரியர் டிசைன் படிக்க வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள், மைதிலிக்கு இது மூன்றாம் வருடம், கோயம்புத்தூர்க் கல்லூரியின் நீண்ட மேசை முன்னால் நிற்கிறாள், முள்ளை ஊன்றிவிட்டாள், பென்சில்தான் நகர மாட்டேன் என்கிறது, புருவத்துக்கு மேல் போட்ட நான்கு தையலும் விண்விண்ணென்று தெறிக்கின்றன. போன பருவத்தில் இதே மேசையில் அவள் வரைந்தது சொந்த வீட்டை, அவரவர் வீட்டை அளந்து மாற்றி அமைத்துக் காட்டுங்கள் என்றார் பிரான்சிஸ் சார், உடுமலைப்பேட்டைக்குப் போய் அளந்தாள், டேப்பின் மறுமுனையை அம்மா துளசிமணி பிடித்துக்கொண்டாள், ஹால் பன்னிரண்டுக்குப் பத்து, சமையலறை எட்டுக்கு ஏழு, ஜன்னலில் கம்பி, வேறு வாசல் கிடையாது, சமையலறைக் கதவருகே வந்ததும் அம்மாவின் விரல் தானாகப் போய்த் தாழ்ப்பாளைத் தடவியது, மூன்று முறை பிய்ந்து மூன்று முறை அடித்த தாழ்ப்பாள், அதைச் சுற்றி மரம் பூராவும் ஓட்டை.

அப்பா ஆறுச்சாமி நூல்மில்லில் மேஸ்திரி, ஊருக்கு நல்லவர், குடிக்க மாட்டார், மில்லில் ஒரு பெண்ணைக்கூட வாடி போடி என்று பேசியதில்லை, அங்கே மிச்சம் பிடித்த கோபமெல்லாம் சேர்ந்து வீட்டுக்கு வரும், சோறு கொஞ்சம் குழைந்திருந்தால் போதும், அம்மா ஓடிப்போய்ச் சமையலறைத் தாழைப் போடுவாள், கதவு உள்பக்கம் திறப்பது, இரண்டு உதையில் தாழ்ப்பாள் பிய்ந்து விழும், அப்புறம் குக்கர் மூடி, அப்புறம் அம்மாவின் முழங்கை, சுண்டுவிரல், போன ஆடியில் முன்பல், மைதிலிக்கு அப்பனைக் கண்டால் ஆகாது, அதைச் சொல்ல அவளுக்குக் கூச்சமும் இல்லை. அதனால்தான் அந்தக் கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்து வரைந்தாள், பிரான்சிஸ் சாருக்கு வந்ததே கோபம், சிவப்புப் பேனாவால் அவள் கால் வட்டத்தை அடித்துவிட்டு உள்பக்கம் இன்னொன்று போட்டார், ஏம்மா, ஹால்ல நடக்கறவன் மூஞ்சியிலயா கதவத் தெறப்பாங்க, இல்ல சார், வெளிய தெறந்தா உதைச்சு உடைக்க முடியாது, நிலை தாங்கிக்கும், உங்க வீட்டுல யாரும்மா உதைக்கறது என்று சார் கேட்க வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்துவைத்தாள், அந்தச் சிரிப்புக்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இன்றைக்கும் இருக்கிறது.

தீபாவளி விடுமுறையில் அப்பா பகல் ஷிப்டுக்குப் போயிருந்தபோது ஆசாரியைக் கூட்டிவந்து கதவைத் திருப்பி மாட்டிவிட்டாள், அம்மா உள்ளே போய்த் தாழ் போட, இவள் வெளியே நின்று எட்டி உதைத்தாள், கதவு அசையவில்லை, உள்ளேயிருந்து அம்மா சிரிப்பது கேட்டது, எத்தனையோ வருடம் கழித்துக் கேட்ட சிரிப்பு. அவள் கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள், பன்னிரண்டாம் நாள் பக்கத்து வீட்டு கோமதியக்கா போனில் அழுகிறாள், கண்ணு, உங்கொம்மா நேத்திருந்து உள்ளயே கெடக்குறா, ஜன்னக் கம்பியில டம்ளரப் போட்டுத் தட்டுறா, மண்டையில ரத்தம், உங்கொப்பன் பீரோவ நவுத்திக் கதவுக்கு அண்டக் குடுத்துட்டு உக்காந்திருக்கான், ஆரையும் உள்ள உட மாட்டீங்கறான், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள், பொள்ளாச்சி தாண்டுகிறது, தென்னைகள் ஓடுகின்றன, கண்ணுக்குள் அவளுடைய வரைபடமே விரிகிறது, ஹாலில் பீரோ, மூன்று அடிக்கு ஒன்றரை, கதவிலிருந்து நான்கடி தள்ளி, அவளே அளந்து அவளே போட்ட கோடு, வெளியே திறக்கும் கதவை உதைத்து உடைக்க முடியாது, முன்னால் பீரோவை வைத்துவிட்டால் திறக்கவும் முடியாது, இது ஏன் எனக்குத் தோன்றாமல் போச்சு, என் கையாலேயே அம்மாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேனே.

அவளை மட்டும் உள்ளே விட்டுவிட்டு அப்பா மறுபடி பீரோவில் சாய்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார், நகருங்கப்பா, படிச்ச புள்ள கதவு மாத்துனியே, இப்பத் தெற பாக்கலாம், அவள் பீரோவில் கை வைத்ததும் சடையைச் சுற்றிப் பிடித்து முகத்தைப் பீரோக் கண்ணாடியில் மோதினார், மறுபடி மோதினார், கண்ணாடியில் அவள் முகம் நாலாய்ப் பிளந்தது, கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது, கை பைக்குள் துழாவி அட்டை வெட்டும் கட்டரை எடுத்தது, ஒரே இழுப்புல வெட்டாதீங்க, மெதுவா மூணு தடவ இழுங்க என்பார் பிரான்சிஸ் சார், அவள் ஒரே இழுப்பில் வெட்டினாள், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, அப்பா மாடு கத்துவது போலக் கத்திக்கொண்டு கையைப் பிடித்தபடி சரிந்தார், ரத்தம் வெள்ளை டைல்ஸில் கொட்டுகிறது, அவள் பீரோவை முதுகால் தள்ளுகிறாள், ஓரடி, இரண்டடி, அம்மா, தாழ எடு, நாந்தான், நாந்தாம்மா.

கதவு திறக்கிறது, அதன் அடிவிளிம்பு டைல்ஸில் உரசி அங்கே தேங்கிய ரத்தத்தை இழுத்துக்கொண்டே வருகிறது, அம்மா அரிவாள்மணையோடு நிற்கிறாள், நெற்றியில் முந்தானையைக் கிழித்துக் கட்டியிருக்கிறாள், உதடு வெடித்திருக்கிறது, புருஷனின் கையைப் பார்த்தாள், மகளின் முகத்தைப் பார்த்தாள், சாமி, உன்ற கதவு ஒடையவே இல்ல என்றாள், அதற்குத்தான் மைதிலிக்கு அழுகை வந்தது.

இன்றைக்கு அவள் வரைவது அம்மாவுக்குப் பீளமேட்டில் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை, அப்பாவுக்கு இன்னும் விலாசம் தெரியாது, தெரிந்தால் வருவார், உள்ளே திறந்தால் உதைப்பார், வெளியே திறந்தால் அடைப்பார், முள் நிற்கிற இடத்தில் தாள் கிழியப் பார்க்கிறது, பின்னால் பிரான்சிஸ் சார், கதவு எங்கம்மா, உள்ளயா, வெளியயா, அவர் கையில் சிவப்புப் பேனா, மூடியைக் கழற்றவில்லை, வெளிய சார், ஆனா ரெண்டு கதவு, எதிரெதிர்ச் சுவத்துல, ஒண்ண அடைச்சா இன்னொண்ணு இருக்கும், சார் பேனாவைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார், பென்சில் சுழல்கிறது, அவள் கண்ணுக்குள் அன்றைய வெள்ளை டைல்ஸில் சிவப்பாக ஒரு கால் வட்டம், இரண்டரை அடி, உள்ளேயிருந்து வெளியே, அப்பா அதற்கு வெளியே முனகிக்கொண்டு கிடக்கிறார், அம்மா அரிவாள்மணையைக் கீழே வைக்காமல் அந்தக் கோட்டின்மேல் கால் வைத்து நடந்து தெருவுக்குப் போகிறாள்.