வெண்பட்டின் உண்மை நிறம்

பெருமழை பெய்து ஓய்ந்த ஈரம் கூரை விளிம்புகளில் துளித்துளியாய்த் தொங்க, முகிலைக் கிழித்தெழுந்த இளவெயில் ஆற்றுப் பாலத்தையும் பணிமனைகளின் புகைபோக்கிகளையும் நெருங்கி நின்ற மாடங்களையும் ஒருங்கே பொன்பூசிக் கொண்டிருந்த காலைப்பொழுதில், குறுந்தெரு ஒன்றின் மூன்றாம் மாடியில், தையற்பொறியின் முன்னே கல்லாய்ச் சமைந்திருந்த பெண்ணொருத்தியை, அன்புசால் வாசகரே, சற்றே நோக்குவீராக.

அவள் அவ்வீட்டு மருமகள். அவள் மடியில் கிடந்ததோ, மறைந்த மாமியார் மணநாளில் உடுத்திய வெண்பட்டு நீளுடை. இரண்டு அகவையில் தாயை இழந்து, அவள் முகமும் நினைவில் நில்லாத நாத்தனாருக்கு, இருபத்தெட்டு ஆண்டுகள் பெட்டிக்குள் உறங்கி மஞ்சள் பாய்ந்த அவ்வாடையே தாயென்று தொட்டுணரக் கிடைத்த ஒரே பொருள். நான்கு நாளில் தன் திருமணத்திற்கு அதனையே உடுத்த விழைந்தவள், "உங்க கைய நம்பித்தான் குடுக்கறேன் அண்ணி" என்று ஒப்படைத்துவிட்டு, மருத்துவமனையில் செவிலிப் பணிக்குச் சென்றிருந்தாள். இடையைப் பிடித்துத் தைக்க முனைகையில், பொறிக்கு இட்ட எண்ணெய் வழிந்து, ஆடையின் முன்புறத்தில் உள்ளங்கையளவு படர்ந்துவிட்டது.

ஊர்திப் பணிமனையில் உழைக்கும் கணவன் ஓடிவந்து பார்த்தான்.

"தண்ணி மட்டும் பட்டுடக் கூடாது. சோளமாவு இருக்கா?"

"மாவா? விளையாடற நேரமாங்க இது?"

"தினமும் எண்ணெயிலயே குளிக்கறவன் நான். அதோட குணம் எனக்குத் தெரியாதா? மாவு உறிஞ்சிடும்."

அவள் மாவை எடுக்குமுன் நாத்தனாரை அழைக்கத் தொலைபேசியை எடுத்தாள். "உங்க அம்மா துணியில எண்ணெய் கொட்டிட்டேன்மா" என்று சொல்லிவிட்டாள். மறுமுனையிலிருந்து, "வர்றேன் அண்ணி" என்ற இரண்டே சொற்கள் வந்தன.

நாத்தனார் வந்தபோது, மும்முறை மாவு தூவி, மும்முறை மெல்லிய தூரிகையால் துடைத்தும், நிழல்போல் ஒரு வளையம் எஞ்சியிருந்தது. இனி நனைத்தே தீரவேண்டும். நைந்த இழை நீரில் பிரிந்துவிடின் மீட்பதற்கு வழியில்லை. உள்மடிப்பின் ஓரத்தை நனைத்துப் பார்த்த அண்ணி, இழை தாங்கியது கண்டும் துணியாமல் நின்றாள்.

"மறைச்சிருக்கலாம், ஆனா சொன்னீங்க. அது போதும் எனக்கு. நீங்களே செய்ங்க அண்ணி" என்றாள் மணமகள்.

குழந்தைகளைக் குளிப்பாட்டும் மென்மையான வழலைக்கட்டியைச் சீவிக் கரைத்து நுரைத்த குளிர்நீரில், வெள்ளைப் போர்வையொன்றின்மேல் கிடத்திய ஆடையை, துயிலும் மகவைத் தொட்டிலில் இறக்குவதுபோல் இருவரும் இறக்கினர். கசக்கவில்லை, பிழியவில்லை, உள்ளங்கையால் மெல்ல அழுத்தினர். ஆண்டுகளின் மஞ்சள் தேநீர் நிறத்தில் கசிந்து இறங்க, நீரை மாற்றி மாற்றி அலசி, இறுதி நீரில் ஊறுகாய்க்கு ஊற்றும் அடுக்களைக் காடி ஒரு கரண்டி சேர்த்துப் பட்டின் பொலிவை மீட்டு, துவாலையில் சுருட்டி ஈரம் ஒற்றி, நிழலில் பரப்பினர். அந்நேரமெல்லாம் கருத்த விரல்களைப் பின்னே கட்டிக்கொண்டு, "நான் தொடலப்பா, தொட்டா மறுபடியும் மொதல்லேருந்து" என்று கணவன் சொல்ல, மூவரும் அன்று முதன்முறையாகச் சிரித்தனர்.

பிற்பகலில் மணமகளின் தந்தையார் அறைக்குள் வந்தார். எண்ணெயின் சுவடற்று, பாலாடைபோல் வெளுத்துக் கிடந்த பட்டைக் கண்டவர், கதவைப் பற்றியவாறே நின்றார்.

"மஞ்சளெல்லாம் போயிடுச்சுப்பா. தப்பு பண்ணிட்டோமா?"

"இல்லம்மா. உங்க அம்மா போட்டுட்டு வந்தப்ப இந்த நிறம்தான். நீதான் இத்தனை நாளா பார்த்ததில்ல."

மகள் ஆடையை நோக்கினாள்; பின் அண்ணியின் ஊறிச் சுருங்கிய விரல்களை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "எங்க அம்மாவ எனக்குக் காட்டிட்டீங்க அண்ணி" என்றாள்.

மாவும் வழலையும் காடியும் எவ்வீட்டு அடுக்களையிலும் எளிதில் கிடைப்பவையே. தன் பிழையைத் தானே முன்வந்து உரைக்கும் நேர்மையும், உரைத்தவரையே மீண்டும் நம்பும் பெருமையும் ஒரே கூரையின்கீழ் வாய்ப்பதோ அரிது. வாய்க்கப்பெற்றோர் அதனைப் பேறென்று உணர்ந்து, உளமார நன்றியுடன் வாழ்வாராக.