ஐவி மாட்டிய வாசல்

ஒரு நாளைக்கு ஆறு தடவை குகைக்குள் இறங்கி, "தலை பத்திரம், படி வழுக்கும்" என்று நாலு மொழியில் கத்திக் கத்தி எனக்கு அலுத்துவிட்டது. பதினொரு வருஷம்! ஷ்கோட்சியான் குகை அழகுதான், யார் இல்லை என்றது? அதற்காக வெயிலே படாமல் ஒருத்தி எத்தனை காலம் வழிகாட்டி வேலை பார்ப்பது? அதனால் நானே ஒரு சுற்றுலாப் பாதை போட்டேன். காலையில் திரியெஸ்தே துறைமுகத்தில் காபி, பிறகு எல்லை தாண்டி எங்கள் பக்கத்துக் கார்ஸ்ட் என்ற சுண்ணாம்புப் பாறை மேட்டில் ஏறி லிபிட்சா பண்ணையின் வெள்ளைக் குதிரைகள், மதியம் ஒஸ்மிட்சாவில் சாப்பாடு.

ஜெர்மன் பேசும் கிராஸ் நகரத்துப் பயண நிறுவனம் ஒன்றுக்கு எழுதிப் போட்டேன். முதலாளி கோஃப்ளர் தன் ஆட்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு தானே சோதனை பார்க்க வந்துவிட்டார். அவருக்குப் பிடித்தால் கோடை முழுக்க இந்தப் பாதை என்னுடையது. பிடிக்காவிட்டால் மறுபடி குகை.

மனிதர் கையில் ஒரு தாள். அதில் எங்கே எத்தனை மணிக்கு என்ற பட்டியல். குதிரைகளிடம் நாலு நிமிஷம் தாமதமானதைக்கூடக் குறித்துக்கொண்டார். திரியெஸ்தேயில் புர்யா என்கிற எங்கள் பக்கத்துப் பேய்க்காற்று அவர் தொப்பியைப் பறித்துக் கடலில் போட்டதற்கும் என்னைத்தான் முறைத்தார். நானா ஊதினேன்?

எங்கள் ஊர்க் குடியானவர்கள் வருஷத்தில் சில நாள் மட்டும் முற்றத்தைத் திறந்து, சொந்த ஒயினும் உலர்த்திய பன்றித்தொடை ஹாமும் விற்பார்கள். அதுதான் ஒஸ்மிட்சா. திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம் ஐவிக் கொடியின் கொத்து. முச்சந்தியிலும் வாசலிலும் தொங்கும். பெயர்ப் பலகை, வீட்டு எண் எதையும் நாங்கள் பார்ப்பதில்லை. ஐவியைக் கண்டால் நுழைந்து உட்கார்ந்துவிடுவோம்.

அன்றும் அப்படித்தான். கோஃப்ளரிடம் பேசிக்கொண்டே முச்சந்தியில் திரும்பினேன். இரண்டாவது கேட்டில் ஐவி. உள்ளே நீள மேசை, வெள்ளை விரிப்பு, இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் ஹாம் அறுத்துக்கொண்டிருந்தார். ஒஸ்மிட்சாவில் யார் வெள்ளை விரிப்புப் போடுகிறார்கள்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அவர் எங்களை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தோம். காகிதம்போல மெல்லிய ஹாம், அவித்த முட்டை, மூக்கில் ஏறுகிற குதிரைமுள்ளங்கி, கறுஞ்சிவப்புத் தெரான் ஒயின். கோஃப்ளர் தாளை மடித்துப் பையில் வைத்தார். பெல்ட்டையும் ஒரு துளை தளர்த்தினார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது.

இன்னொரு குடுவை கேட்க அடுப்படிக்குப் போனேன். முத்து மாலையும் புதுக் கவுனுமாக ஒரு பெண்மணி இடுப்பில் கை வைத்து நின்றார்.

"குடுவையா? ஏம்மா, இது ஒஸ்மிட்சான்னு உனக்கு யாரு சொன்னா?"

"வாசல்ல ஐவி தொங்குதேக்கா!"

"எங்க வாசல்லயா? ஸ்தோயான்! இங்க வா!"

ஹாம் அறுத்தவர் வந்தார். மூவரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். கட்டுக்கம்பியோடு பிய்ந்து வந்த கொத்து கேட்டின் கம்பியில் சிக்கிக் கிடந்தது.

"இது மேட்டு வீட்டு ஷ்துபெல்லோடது. அங்கதான் ஒஸ்மிட்சா. காத்து கொண்டாந்து மாட்டிடுச்சு" என்றார் ஸ்தோயான்.

"அப்ப எங்கள எதுக்கண்ணே உக்கார வெச்சீங்க?"

"நீங்கதான் மாப்பிள்ளை வீட்டு ஆளுங்கன்னு நெனச்சேன். ஜெர்மன்ல பேசவும் சந்தேகம் தட்டுச்சு. அதுக்குள்ள சாப்பிட ஆரம்பிச்சுட்டீங்க. சாப்பிடுறவங்கள எப்படி எழுப்புறது?"

"நல்லா வெச்ச! ஒண்ணரை வருஷம் உலத்துன ஹாம்" என்றார் அவர் மனைவி. "ஒரு மணிக்குச் சம்பந்திங்க வராங்க. எலும்பையா வெக்கிறது?"

மணி பன்னிரண்டரை. வெட்கத்தில் என் காதெல்லாம் சூடாகிவிட்டது. முற்றத்துக்கு வந்தால், கோஃப்ளர் ஒப்பந்தத்தை மேசையில் விரித்துப் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார்.

"இந்த வீடுதான் வேணும். சனிக்கிழமைதோறும். அவருகிட்ட கேளுங்க."

"என்ன சொல்றாரு?" என்றார் ஸ்தோயான்.

ஸ்தோயானுக்கு ஜெர்மன் தெரியாது. கோஃப்ளருக்கு எங்கள் மொழி தெரியாது. நடுவில் நான். 'சரி என்கிறார்' என்று நான் சொன்னால் போதும், கையெழுத்து விழுந்துவிடும். அப்புறம் ஷ்துபெல் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஸ்தோயான் பாவம், கத்தியைப் பிடித்தபடி சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை.

"சார், இது கடை இல்ல, வீடு. இவங்க பொண்ணோட சம்பந்தி விருந்த நாம சாப்பிட்டுட்டோம். தப்பு என்னோடது."

கோஃப்ளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். என் கோடைக்காலம் அந்தப் பைக்குள் போய்விட்டது என்றே நினைத்தேன்.

பிறகு எழுந்து மற்ற மூவரையும் ஒரு அதட்டல் போட்டார். ஒருவர் தட்டு கழுவ, ஒருவர் விரிப்பை மாற்ற, ஒருவர் முட்டை உரிக்க, அவர் என்னோடு ஷ்துபெல் வீட்டுக்கு ஓடி வந்தார். திரும்பும்போது அங்கே வாங்கிய முழு ஹாம் ஒன்று அவர் தோளில். எதிர்க்காற்றில் மனிதர் பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. சம்பந்திகளின் கார் சரியாக அவருக்குப் பின்னால் வந்து நின்றது.

"இவரு யாரு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நம்மாளுதான்" என்றார் ஸ்தோயான், கண் இமைக்காமல்.

கிளம்பும்போது கோஃப்ளர் விடவில்லை. "இன்னொரு தடவ கேட்டுப் பாருங்களேன். சனிக்கிழமைதோறும்..."

கேட்டேன். ஸ்தோயான் யோசித்தார். "எனக்கு இருக்கிறது ஒரே பொண்ணுன்னு சொல்லும்மா."

இந்தத் தடவை வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தேன். கோஃப்ளர் வண்டி ஏறும்வரை சிரித்தார். ஏறியதும் ஒப்பந்தத்தில் ஏதோ கிறுக்கி என் மடியில் போட்டார். கையெழுத்து இருந்தது. மதியச் சாப்பாடு என்ற கட்டத்தில் மட்டும் நேரத்தையும் இடத்தையும் அடித்திருந்தார்.

"இங்க என்ன எழுதணும் சார்?"

"ஒண்ணும் எழுதாதீங்க. உங்க ஊர்ல யாராவது உட்கார வெப்பாங்க."