மொசியே தெலோர்மின் விழாத வீடு

மொசியே தெலோர்ம் பிரான்ஸிலிருந்து வந்து, மொன்ட்ரியாலில் வீடு கட்டிப் பேரெடுத்த கொந்திராத்துக்காரர். ஐம்பத்தைந்து வயதில் அவருக்குச் சினிமாப் பைத்தியம் பிடித்தது. கம்பனியை விற்றுத் தயாரிப்பாளரானார். அவரிடம் தச்சு வேலை செய்த என்னையும் விடவில்லை. உடுப்புத் தைக்க என் மனைவி இமெல்டாவையும் சேர்த்துக்கொண்டார்.

2004 ஒக்ரோபரில், லவாலில் ஒரு வெறுங்காணியில் படத்துக்காக வீடொன்று கட்டினேன். கடைசிக் காட்சியில் அது புயலில் சரியவேண்டும். மண் கிண்டும் பெக்கோவில் கம்பியைக் கட்டி ஒரு இழுவை இழுத்தால் விழும்படி, மெல்லிய பலகையில்தான் அடித்திருந்தேன். திங்கட்கிழமை காணியைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்குள் வீடு விழாவிட்டால் படம் இல்லை, மனிசன் நடுத்தெருவில்.

சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன், மூலைக்கு மூலை புதிதாகக் குறுக்குச் சட்டம்! தெலோர்ம் சுத்தியலும் கையுமாக நின்றார்.

“சுவர் ஆடியது, கிறகரி. பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.”

“ஆடுவதற்குத்தானே கட்டினேன்!” என்று கத்தினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சட்டங்களைக் கழற்ற நேரம் கேட்டேன். வெளிச்சம் போய்விடும் என்று இயக்குநர் மறுத்துவிட்டார்.

பெக்கோ இழுத்தது. கூரை முனகியது. பிறகு கம்பிதான் அறுந்தது. வீடு அசையாமல் நின்றது. இயக்குநர் தொப்பியைக் கழற்றி நிலத்தில் அடித்தார். தெலோர்மை நான் மனதுக்குள் திட்டாத திட்டில்லை.

அப்போது வீட்டுக் கதவு திறந்தது. தலையெல்லாம் தூசியோடு இமெல்டா வெளியே வந்தாள். தோளில் அவள் தைத்த திரைச்சீலைகள்.

“என்னப்பா இந்தச் சத்தம்? நல்ல துணி, அநியாயமாப் போகப்போகுதெண்டு கழட்டப் போனனான்.”

நான் அவளிடம் ஓடினேன். “விசரி! உன்னை உள்ளுக்கு வச்செல்லோ இழுத்தவங்கள்!” என்று ஏசிக்கொண்டே அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். தெலோர்ம் சேற்றிலேயே குந்திவிட்டார். சிலுவை அடையாளம் போட்டார், சிரித்தார், பிறகு அவரும் அழுதார். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சுத்தியல் பிடித்த அந்தக் கையைப் பிடித்துக் கொஞ்சினேன்.

மறுநாள் சட்டங்களைக் கழற்றி, புதுக் கம்பி கட்டினோம். தெலோர்ம் யாரையும் நம்பாமல் தானே அறை அறையாகப் போய், அலுமாரியைக்கூடத் திறந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து கையைத் தூக்கினார்.

ஒரே இழுவையில் வீடு விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். என்னால் முடியவில்லை. இமெல்டாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.