துபாய்ப் பொடி

பவானியின் பெட்டி எங்கள் வீட்டுப் பலகைத் தரையில் வாயைத் திறந்து கிடந்தது. மறுநாள் காலை அவளுக்கு விமானம். ரங்கூன் ஷ்வேப்யிதாவில் தையல் கம்பெனியில் பதினான்கு வருடம் சட்டைக்குக் காலர் வைத்தவள், முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக வெளிநாடு போகிறாள். துபாயில் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் வேலை. எங்கள் தாகேதாப் பேட்டையிலிருந்து யார் அந்த ஊருக்குப் போனாலும் முந்தின நாள் என்னிடம் வந்து உட்காருவார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் நான் அங்கே போய்வந்தவன். லான்மடாவில் வெங்காய மூட்டை இறக்குகிற இடத்திலும் எனக்கு துபாய் மாரி என்றுதான் பெயர்.

பவானிக்குத் தமிழ் பேசத்தான் வரும். எழுதுவது பர்மிய எழுத்தில். நோட்டை மடியில் விரித்துக்கொண்டு பேனா மூடியைக் கடித்தாள்.

"சொல்லுங்கண்ணே. மொதல்ல என்ன?"

"மொதல்ல, டீக்கடைல ஆளக் கூப்பிட உதட்டக் குவிச்சு முத்தச் சத்தம் போடாத. இங்க அது டீ கேக்குறது. அங்க வேற மாதிரி எடுத்துக்குவான்."

"நல்லவேளை சொன்னீங்க. போன அன்னிக்கே எவன் கைலயாச்சும் புடிச்சுக் குடுத்திருப்பாங்க."

"புடிச்சுக் குடுப்பாங்க, போலீஸ் கையில. எழுது. கடை வாசல்ல செருப்பக் கழட்டாத. நம்ம ரங்கூன்காரன் ஒருத்தன் பெரிய கடை ஒண்ணுக்கு வெளிய கழட்டி வச்சிட்டு உள்ள போயிட்டான். திரும்பி வர்றதுக்குள்ள பெருக்குறவன் குப்பைனு எடுத்துட்டுப் போயிட்டான். வெளிய தரை தோசைக்கல்லு. பஸ்ஸு வரைக்கும் குதிச்சுக்கிட்டே போயிருக்கான்."

"அது நீங்கதான அண்ணே?"

"நான் இல்ல."

நான் இல்லைதான். அவள் நம்பவில்லை, சிரித்துக்கொண்டே எழுதினாள். ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்காதே, அபராதம் போடுவான். பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு, அதில் ஏறு. குன்யா வெற்றிலையை இங்கேயே துப்பிவிட்டுப் போ. கேட்காமல் யாரையும் படம் பிடிக்காதே. மாத்திரை கொண்டுபோனால் டாக்டர் சீட்டோடு கொண்டு போ. கட்டடம் பக்கத்தில் இருக்கிற மாதிரித் தெரியும், நம்பி மத்தியான வெயிலில் நடக்காதே, போய்ச் சேர மாட்டாய். இதையெல்லாம் எத்தனையோ தடவை சொன்னதால் வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. கண் ராமாயியின் கையில் இருந்தது.

ராமாயி என் மனைவி. மார்க்கெட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறாள். நான் துபாய் போனபோது எனக்குக் கட்டிக் கொடுத்த அதே பொடியைத்தான் அன்றிலிருந்து 'துபாய்ப் பொடி' என்று சொல்லி விற்கிறாள். "எங்க வீட்டுக்காரரு கடல் தாண்டிக் கொண்டுபோன பொடி" என்று அவள் சொல்லும்போது பர்மியப் பெண்கள்கூட இரண்டு பொட்டலம் சேர்த்து வாங்குவார்கள். கூடவே கசகசாவை முழுசாகத் தனிப் பொட்டலம் போட்டுக் கொடுப்பாள். அரைத்து வைத்தால் எண்ணெய்ச் சிக்கு அடிக்கும் என்பாள். குருமா கெட்டிப்பட அன்றன்றைக்கு அரைத்துக்கொள்ள வேண்டும். இப்போது சிவப்பு நூல் சுற்றிய அந்தப் பொட்டலத்தைப் பவானியின் உள்பாவாடைகளுக்கு நடுவே செருகினாள்.

இது புதிதல்ல. இதற்குமுன் இங்கிருந்து ஐந்து பேர் போயிருக்கிறார்கள். ஐந்து பேரையும் நானே பஸ் ஏற்றிவிடப் போனேன். போகிற வழியில் பஸுண்டாங் ஓடைப் பாலத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, காரணம் சொல்லாமல் பொட்டலத்தை வாங்கித் தண்ணீரில் எறிந்தேன். ஆம்பிளைகள், அதிகம் கேட்கவில்லை. ஆனால் பவானிக்கு ராமாயிதான் கூடப் பிறக்காத அக்கா. விமான நிலையம்வரை அவளே கூடப் போகிறாள். அடுத்த மாதம் அதே ஓட்டலுக்குப் போகும் புஷ்பலதாவும் தைலம்மாளும் ஆளுக்கொன்று சொல்லி வைத்திருக்கிறார்கள். எத்தனை பாலத்தில் நின்று எத்தனை பொட்டலத்தை எறிவது?

ராமாயி தண்ணீர் பிடிக்கக் கீழே போனாள். நான் குனிந்து சொன்னேன். "பவானி, அந்தக் கசகசாவ எடுத்து எங்கிட்ட குடுத்துரு. உங்க மதினிகிட்ட சொல்லாத."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி உரக்கக் கூப்பிட்டாள். "மதினீ! இங்க வாங்க. அண்ணன் கசகசாவத் திருடுறாரு!"

ராமாயி வாளியோடு படியேறி வந்தாள். "என்னங்க, கனம் கூடிப் போச்சா? கால்கிலோ கூட இல்ல அது."

"அங்கயே கெடைக்கும். எதுக்குச் சுமக்கணும்?"

"கெடைச்சா என்ன, வீட்டுது மாதிரி வருமா? நீங்க போனப்ப வேணாம்னா சொன்னீங்க? எல்லாருக்கும் பங்கு வச்சோம், வாசம் ரூமையே தூக்கிருச்சுன்னு சொன்னது யாரு?"

நான்தான் சொன்னேன். வந்து இறங்கிய முதல் நாள், இதே தரையில் உட்கார்ந்து. அவள் முகம் பூரித்துப் போனது. அன்றைக்கு அதற்குமேல் உண்மையைச் சொல்ல எனக்குத் திராணி இல்லை. கம்பெனியை மூடிவிட்டான் என்று மட்டும் சொன்னேன். அடுத்த நாள் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் அவள் மார்க்கெட்டில் பொடிக்குப் பெயர் வைத்துவிட்டாள்.

பவானி பெட்டியை மூடப் போனாள். நான் மூடியின் மேல் கையை வைத்தேன். மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கை. அவள் இழுத்தும் எடுக்கவில்லை.

"ராமாயி, உக்காரு. அந்த ஊருல கசகசா போதைச் சாமான் கணக்கு. நம்ம சமையல் கட்டுல இருக்கறது அங்க அபினி. என்னை ஏர்போட்டுலயே புடிச்சிட்டாங்க."

"யாரை?"

"என்னை. நீ கட்டுன பொட்டலத்தத் தராசுல வச்சாங்க. நூலக்கூட அறுக்கல. பொறுமையா அவுத்தாங்க. சமையலுக்குன்னு சொல்ல எனக்கு அவங்க பாஷை தெரியல. நாப்பத்தெட்டு நாள் உள்ள வச்சிருந்து அனுப்பிட்டாங்க. கம்பெனியும் இல்ல, ரூமும் இல்ல. வண்டியில கூட்டிட்டுப் போறப்ப கம்பி வழியா ரோட்டப் பாத்ததுதான் நான் பாத்த துபாய்."

பவானி நோட்டைப் பார்த்தாள். "அப்ப இதெல்லாம்?"

"கூட இருந்தவங்க சொன்னது. பதினோரு பேரு. ஒவ்வொருத்தனும் எதுல மாட்டினான், எதுல தப்பிச்சான்னு சொல்லிக்கிட்டே இருப்பான். வேற வேலை? பொய் இல்ல பவானி, அத்தனையும் பட்டவன் சொன்னது. செருப்ப விட்டவன் எம் பக்கத்துலதான் படுத்திருந்தான்."

விநாயகமூர்த்தியைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. விசா முடிந்தும் தங்கிவிட்ட திருநெல்வேலி எலக்ட்ரீஷியன். என் பெயரை எழுதிய காகிதத்தை நான் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விரலைத் தோய்த்து சிமென்ட் தரையில் அ எழுதினார். அந்த ஊர்க் காற்றில் ஈரம் நிற்காது. காய்வதற்குள் படிக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் அப்படித்தான் எழுத்து வந்தது. கம்பெனியில் கற்றுக் கொடுத்தார்கள் என்று இங்கே சொன்னேன்.

ராமாயி வாளியை இறக்கி வைக்கவே இல்லை. பிடியைப் பற்றியபடி நின்றாள்.

"எம் பொட்டலத்தாலயா?"

"உனக்குத் தெரியாது. எனக்குந்தான் தெரியாது."

"ஒம்போது வருசம்," என்றாள். "ஊரு பூராவும் வித்தேன். துபாய்ப் பொடி, துபாய்ப் பொடின்னு. பாத்துக்கிட்டே இருந்தீங்க."

சொல்ல இருந்ததைச் சொல்லியாயிற்று.

"அடிச்சாங்களா?"

"இல்ல."

"சோறு?"

"ரொட்டி. பருப்பும் குடுப்பாங்க."

வாளியைத் தரையில் வைத்தாள். பெட்டிக்கு முன் உட்கார்ந்து பொட்டலத்தை வெளியே எடுத்தாள். நூலின் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. உள்பாவாடை மடிப்பில் ஏழெட்டு விதை, மணலைவிடக் கொஞ்சம் பெரிசு. பவானியின் முகம் வெளுத்தது.

"இது பத்தாதாண்ணே அவங்களுக்கு?"

"ஒண்ணு ரெண்டுக்கே மாட்டினவன் இருக்கான்னாங்க."

"எல்லாத்தையும் கொட்டு," என்றாள் ராமாயி.

பவானி பெட்டியைக் கவிழ்த்தாள். சட்டை, தமேய்ன் லுங்கி, முகத்துக்குப் பூசும் தனாக்கா டப்பா, சாமி படம், ஊறுகாய் புட்டி எல்லாம் தரையில் விழுந்தன. ராமாயி ஒவ்வொன்றாக உதறினாள், தையலைத் திருப்பிப் பார்த்தாள், பாக்கெட்டுகளை வெளியே இழுத்தாள். பொடிப் பொட்டலத்தையும் ஒரு பக்கம் ஒதுக்கினாள், பொடி அள்ளிய கையில் விதையும் ஒட்டியிருந்திருக்கும் என்று. வெளியே மழை பிடித்துக்கொண்டது. "மீ போயிருச்சு," என்று கீழ்வீட்டில் யாரோ கத்தினார்கள். கரண்டு போய் மின்விசிறி நின்றிருந்தது. ஜன்னல் வெளிச்சம் போதாமல் அவள் பெட்டியை வாசல் பக்கம் இழுத்துப் போனாள்.

"புஷ்பலதாவுக்கும் தைலம்மாளுக்கும் நானே போய்ச் சொல்றேன்," என்றாள், யாரையும் பார்க்காமல். "எதுக்குன்னும் சொல்லுவேன். மறைக்க மாட்டேன்."

"சொல்லு."

"பவானி, அந்த நோட்ட எடு. இத மொதல் பக்கத்துல எழுது. செருப்புக்கும் முத்தத்துக்கும் மேல."

பவானி எழுதினாள். பர்மிய எழுத்தின் வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வந்தன. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது.

பெட்டியின் உள் துணி மூலையில் கிழிந்திருந்தது. ராமாயி ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தபோது நகத்தின் ஓரத்தில் ஒரு விதை இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு கையை வாசலுக்கு வெளியே நீட்டி மழையில் விட்டாள்.

உள்ளே வந்து ஊசிப் பெட்டியிலிருந்து கத்தரியை எடுத்தாள். உள் துணியை ஒரு ஓரத்திலிருந்து பிரிக்கத் தொடங்கினாள். பாதி வந்ததும் நகர்ந்து உட்கார்ந்தாள். பெட்டியின் இன்னொரு பக்கத்தை என் முன்னால் தள்ளினாள்.

"அந்தத் தையல நீங்க பிரிங்க," என்றாள்.

நான் நகத்தால் முதல் நூலை நெம்பினேன். மழைச் சாரல் எங்கள் இருவர் கைமேலும் பட்டுக்கொண்டிருந்தது.