மொட்டை மண்டபத்து வாசலில் எடுத்த படங்கள்

சித்திரை இரண்டாம் வாரம் தொடங்கி, திருத்தணி மலைமேல் மொட்டை மண்டபத்து வாசலில் ரஞ்சிதம் எடுத்த படங்களில், மொட்டை அடித்துக்கொண்டவர்களுக்குத் தலை நிறைய முடி இருந்தது. அரைகுறையாக முளைத்த முடி அல்ல. காலையில் வீட்டில் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு கிளம்பிய அதே முடி. கோணல் வகிடு எடுத்தவருக்குக் கோணல் வகிடு, கதம்பம் வைத்தவளுக்குக் கதம்பம். அந்த வாரம் மலைமேல் எலுமிச்சம்பழம் மூன்று இருபது ரூபாய்க்கு விற்றது, வெயில் நூற்றாறு டிகிரி. எதனால் இப்படி வருகிறது என்று ரஞ்சிதத்துக்குப் புரியவில்லை.

அவளுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கே.ஜி.கண்டிகையில் வீடு. பதினோரு வருடம் ஒரு ஷூ கம்பெனியில் நின்றபடியே பசை தடவியவள். அந்தப் பிரிவை மூடியபோது அவளுக்கு மிஞ்சியது காலில் சுருட்டிக்கொண்ட நரம்புகள்தான். கணவன் குணசேகரன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவள் வேலைக்குப் போகாத நாளில் அந்த வீட்டு அடுப்பு யோசித்துத்தான் எரிந்தது. மலைமேல் படம் எடுப்பவர்களின் சங்கத்தில் ஓர் இடம் காலியானபோது, ஒரு கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தலைவர் விஜயன் முன்னால் போய் நின்றாள். "மூணு மாசம் எடுத்துப் பாரும்மா. ஆடிக் கிருத்திகை வரைக்கும் ஜனங்க குறை சொல்லாம வாங்கினா சங்கத்து அட்டை உனக்கு. இல்லன்னா வேற ஆள் ரெடியா கீறான்" என்றார் விஜயன். புதிதாக வருபவர்களுக்கு மண்டபத்து வாசல்தான் இடம். அதைத் தாண்டினால் குளிக்கும் குழாய்கள், அப்புறம் சந்தனம் பூசும் மேடை, அதற்கும் அப்பால் கோபுரம் பின்னால் தெரியும் நல்ல இடங்கள். அவையெல்லாம் பழைய ஆட்களுக்கு.

கேமராவைக் கொடுத்தவன் பிரகாஷ். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருந்தான், இருபத்தாறு வயது, வாயில் ஈவிரக்கம் கிடையாது. தினமும் சாயங்காலம் ரஞ்சிதம் அவன் கம்ப்யூட்டரில் அன்றைய படங்களைப் போட்டுவிட்டு ஸ்டூலில் கால் நீட்டி உட்காருவாள். முதல் வாரத்துப் படங்களில் புருவத்துக்கு மேல் எதுவுமே இல்லை, வெறும் வெள்ளை. "அக்கா, இது மனுஷனா, டியூப் லைட்டா?" என்றான். பிறகு விளக்கினான். கேமராவுக்கு ஆளும் தெரியாது, சாமியும் தெரியாது. கண்ணில் படும் வெளிச்சத்தையெல்லாம் கூட்டிச் சராசரி பார்க்கும். பின்னால் மண்டபத்து இருட்டு அதிகம் என்பதால் இடமே இருட்டு என்று நினைத்துக் கதவை அகலத் திறக்கும். வெயிலில் நிற்கிறவன் வெந்துபோவான். எனவே ஆளை வெயிலும் நிழலும் சேரும் கோட்டுக்கு ஓரடி உள்ளே நிறுத்த வேண்டும், வெளிச்சத்தை ஒரு படி குறைக்க வேண்டும். இரண்டாவது குறை நடுக்கம். மலைக்கு வந்தவர்கள் நிற்கவே மாட்டார்கள், தரிசன வரிசை பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நொடியை இருநூற்றைம்பது துண்டாக்கி, அதில் ஒரு துண்டு நேரம் மட்டும் கதவைத் திறந்தால் ஓடுகிறவனும் நிற்பான். ரஞ்சிதம் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டு, மறுநாள் நூறு படம் எடுத்து, அதில் தொண்ணூறு கெட்டு, சாயங்காலம் மறுபடி திட்டு வாங்கினாள். பத்து நாளில் படம் தெளிந்தது. தெளிந்த பிறகுதான் முடி தெரிந்தது.

முதல் போன், தபாலில் படம் போய்ச் சேர்ந்ததும், பள்ளிப்பட்டு நெசவாளி ஒருவரிடமிருந்து வந்தது. "இன்னாம்மா இது? எங்க நைனா வேண்டிக்கினது. ஆறு வருஷம் வளத்த முடி. இந்தப் படத்த அவருக்கு எப்படிக் காட்டறது? மலைக்கே போகாம வந்துட்டான்னு சொல்லுவாரு." அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் ரஞ்சிதத்துக்குத் தாங்கவில்லை.

பிரகாஷ் முறையாகத்தான் தேடினான். மெமரி கார்டை மாற்றினான், லென்ஸைக் கழற்றித் துடைத்தான், தன் சொந்தக் கேமராவைக் கொடுத்தான். முடி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மலையேறி, அவனே அந்த வாசலில் நின்று அழுத்தினான். அப்போதும் வந்தது. ஆகக் குற்றம் கேமராவிலும் இல்லை, கையிலும் இல்லை. அங்கே செல்போனில் எடுத்த படங்களிலும் முடி இருந்தது. அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, சந்தனம் பூசி எடுத்தது நன்றாக வந்ததும் முந்தையதை அழித்துவிடுவார்கள். பழைய ஆட்கள் எடுத்த படங்களில் மொட்டை மொட்டையாகவே இருந்தது. இன்னொன்றும் இருந்தது: கைக்குழந்தைகளுக்கு மட்டும் ரஞ்சிதத்தின் படத்திலும் ஒழுங்கான மொட்டை. "லென்ஸுக்கு வயசு தெரியுமா, அக்கா?" என்று பிரகாஷ் தலையைச் சொறிந்தான். "பேசாம கம்ப்யூட்டர்லயே வழிச்சிடட்டா?"

"சாமிக்குக் குடுத்த முடிய நீ இன்னாத்துக்குடா வழிக்கிறே?" என்றாள். இருந்தாலும் ஒன்றை வழித்துப் பார்த்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது, வந்தது கவிழ்த்த பானை.

வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. குறை சொன்னவர்கள் பதினொரு பேர். ரஞ்சிதம் காலை ஐந்தரை பஸ்ஸைப் பிடித்து, படியேறி, வாசலில் நின்று, வருகிறவர்களின் வழித்த தலையைத் தன் கண்ணால் நன்றாகப் பார்த்து, அழுத்தினாள். கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. படம் எடுப்பது பசை தடவுவதைப் போலவே ஆகிவிட்டது. கிருத்திகைக்கு எட்டு நாள் இருக்கையில் விஜயன் வந்தார். "நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஜனங்க சொல்றாங்க" என்றார். அவர் குரலிலும் அலுப்புதான் இருந்தது.

அவர் போனதும் ரஞ்சிதம் மண்டபத்துக்குள் போய், பெண்களுக்கு முடியெடுக்கும் அனுராதாவின் முன்னால் உட்கார்ந்தாள். வேண்டுதல் ஒன்றும் இல்லை. உலகத்தில் சந்தேகமே இல்லாமல் அவளுக்குத் தெரிந்த தலை அவளுடையது ஒன்றுதான், அதை வைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

"இன்னாமே, பைத்தியமா புடிச்சிக்கினுது ஒனக்கு? இடுப்புவரைக்கும் கீது" என்றாள் அனுராதா.

"வழிமே. வெளிய லைன் நிக்குது."

"ஒன் வூட்டுக்காரர் என்னத்தான் கேப்பாரு."

"அவரு எழுந்து வந்து கேட்டா சந்தோஷந்தான்."

அனுராதா கத்தியில் புது பிளேடு மாட்டினாள். தலையில் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, நான்கு இழுப்பில் முடித்தாள். ரஞ்சிதம் தலையை நிமிர்த்தாமலே துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, துண்டை விலக்கி, கேமராவைக் கூடவே வந்த அனுராதாவிடம் கொடுத்து அழுத்தச் சொன்னாள். நிழலில் குனிந்து திரையைப் பார்த்தால், இடுப்புவரை பின்னல் தொங்கிக்கொண்டிருந்தது. "அதான் தெரியுமே" என்று துண்டைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள். குளிக்க நேரமில்லை. அன்று ஆடிப் பரணி போலக் கூட்டம்.

மூன்று மணிக்குக் காற்று அடித்தது. துண்டு நழுவித் தோளில் விழுந்தது. ரஞ்சிதம் நாள் முழுக்கச் செய்வதைப்போல, நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கக் கையைத் தூக்கினாள். ஒதுக்க எதுவும் இல்லை. கை அங்கேயே நின்றது. பிறகு நெற்றியிலிருந்து உச்சிக்கு, உச்சியிலிருந்து பிடரிக்கு மெல்லப் போனது. கை முதலில் போய்விட்டது, அவள் பின்னால் போய்ச் சேர்ந்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு போனது. தண்ணீர் குடிக்க வெளியே வந்த அனுராதா, "அழுவறியாமே?" என்று கேட்டாள். "இல்ல, இன்னொரு தபா எடு" என்றாள் ரஞ்சிதம். அந்தப் படத்தில் மொட்டை இருந்தது. காதுக்கு மேல் கத்தி பட்ட சிறு கீறல்கூடத் தெரிந்தது.

சாயங்காலம் பிரகாஷ் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தான். ஒரே கேமரா, ஒரே இடம், ஒரே கை, ஒரே தலை. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று. அதை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் வரிசையாகப் புரிந்தது. முடி எடுக்க மூன்று நிமிடம் போதும், ஆனால் முப்பது நாற்பது வருடம் முடியோடு இருந்தவருக்கு அது போய்விட்டது என்ற சேதி அத்தனை சீக்கிரம் போய்ச் சேருவதில்லை. கண்ணாடி இல்லாத இடத்தில் அதைக் கொண்டுபோவது கைதான். வாசலைத் தாண்டிக் குழாயடியில் குளிக்கும்போது எல்லோரும் தலையைத் தேய்க்கிறார்கள், அதனால் பழைய ஆட்களுக்கு மொட்டையாகவே விழுகிறது. குழந்தைகள் மாமன் மடியிலேயே வீறிட்டுக்கொண்டு தலையைப் பிடித்துக்கொள்கின்றன. ரஞ்சிதத்திடம் வருகிறவர்கள்தான் கையில் பையும் செருப்பும் பிள்ளையுமாக, தலையைத் தொடக் கை ஒழியாமல் வருகிறவர்கள்.

"அப்ப வேகமா எடுன்னு நான் சொன்னதுதான் தப்பா, அக்கா?"

"வேகம் சரிதான், தம்பி. கொஞ்சம் முந்திக்கினேன்."

மறுநாள் நாற்பது பேரிடம் சோதித்தாள். முப்பத்தெட்டு மொட்டை. தவறிய இருவரில் ஒருவருக்கு மனைவி தடவிவிட்டிருந்தாள், இன்னொருவர் காதோரம் மட்டும் தொட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். தன் கையாக இருக்க வேண்டும், முழுதாகப் போக வேண்டும் என்று அதிலிருந்து தெரிந்தது. பள்ளிப்பட்டு நெசவாளிக்குப் போன் செய்து, முதலிலேயே தெரிந்திருந்தால் தலையைத் தடவச் சொல்லிவிட்டு எடுத்திருப்பேன் என்று மன்னிப்புக் கேட்டாள். அவர் ஆடிக் கிருத்திகைக்கு நைனாவையே அழைத்து வந்துவிட்டார். கிழவரும் முடி கொடுத்தார். அன்று ரஞ்சிதம் எடுத்தது அறுநூற்றுப் பன்னிரண்டு படம், ஒருவரும் குறை சொல்லவில்லை. விஜயன் அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தபோது அவள் படியில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள், எழுந்திருக்க முடியவில்லை. முடியோடு ஒன்று, முடி இல்லாமல் ஒன்று என்று இரண்டு படம் கேட்கிறவர்கள் இப்போது உண்டு. அவர்களுக்கு முதல் படத்தைத் தலையைத் தடவுவதற்கு முன்னாலேயே எடுத்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்குச் சங்கத்தில் எல்லோரும் கடைப்பிடிக்கும் முறை இதுதான்: வாசலில் ஆளை நிறுத்தி, கையில் இருப்பதை வாங்கிக் கீழே வைத்து, "ஒரு தபா தலையத் தடவிப் பாருங்க" என்று சொல்ல வேண்டும். அவர் கை நெற்றியிலிருந்து பிடரிவரை போய் இறங்கியதும், மூன்று எண்ணி அழுத்த வேண்டும்.