பேச்சியம்மாளின் விக்கல்

1

இந்தக் கதை ஒரு துப்பலில் பிறந்தது. (இதைவிட நல்ல சொல் தேடினேன், அகப்படவில்லை.)

மலாயாவில் சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எங்களுக்கு வேலை. பால்வெட்டு முடிந்து பெண்கள் வெற்றிலை புகையிலையோடு குழாயடியில் கூடுவார்கள். நான் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் எழுத்துக் கூட்டாமல் படிப்பேன். அதனால் பத்திரிகை வாசிப்பது என் வேலை. கூச்சத்தில் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். ஆகவே இந்தக் கதையில் முகங்கள் இரா, சத்தம்தான்.

"ருஷ்யாவில் கருவைக் கலைக்கச் சட்டமே இடம் தருகிறது. பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்..."

தூ! முதல் துப்பல் பேச்சியம்மாளுடையது. பின்னாலேயே தூ, தூ, தூ.

"அந்தச் சட்டம் நமக்கு எந்தக் கப்பல்லடி வருது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கம்மா சிரிக்கவில்லை. (சிரிக்காததும் ஒரு சத்தம்தான்.)

2

அங்கம்மா பேச்சியம்மாளின் நாத்தனார். போன பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், செத்துப் பிழைத்தவள். இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். அவள் கண்களில் நீர் ததும்ப...

இல்லை, அந்த வரியை அடித்துவிட்டேன். அங்கம்மா அழுகிறவள் இல்லை. நேரே தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரிடம் போனாள்.

"இன்னொண்ணு உன் உடம்பு தாங்காதும்மா. வெள்ளிக்கிழமை டாக்டர் வருவாரு, கேளு. உயிருக்கு ஆபத்துன்னா அவர் செய்யலாம்."

"கேக்கலாங்க. தோட்டமே காறித் துப்புமே!"

3

பச்சை அன்னாசி தின்றால் கரு தங்காது என்று எங்கள் பெண்களுக்கு ஒரு நம்பிக்கை. உரக்கச் சொல்லமாட்டார்கள்.

அங்கம்மாவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். அன்று சாயங்காலம் அவள் வீட்டுப் பின்கதவு ஓயவே இல்லை. முதலில் காளியம்மா.

"ஊறுகாய்க்கு வச்சுக்க. நான் வந்தேன்னு எவகிட்டயும் சொல்லாத."

பிறகு கருப்பாயி. அதே ஊறுகாய், அதே எச்சரிக்கை. கடைசியில் தொம்மென்று ஒரு பெரிய காய் விழுந்தது.

"மதினி, நீங்களுமா?"

"வாயை மூடிக்கிட்டு நறுக்குடி!"

அன்னாசி ஒன்றும் செய்யவில்லை. அங்கம்மாவுக்கு வயிற்றுப்போக்கும் பிள்ளைகளுக்குப் பச்சடியும்தான் மிச்சம்.

4

வியாழக்கிழமை குழாயடியில் அங்கம்மாவே கேட்டாள்.

"அந்த ருஷ்யா சேதிய இன்னொருக்கா படி, பொண்ணு."

படித்தேன். துப்பல் விழவேண்டிய இடம் வந்தது. காதைக் கூர்மையாக்கிக்கொண்டேன். தண்ணீர் சொட்டியது, அவ்வளவுதான். பிறகு,

"விக்!"

பேச்சியம்மாள் புகையிலைச் சாற்றை விழுங்கிவிட்டாள்.

"என்ன மதினி, துப்பலையா?"

"நல்ல தண்ணி... விக்... பக்கத்துல எவளாச்சும் துப்புவாளா?" இன்னொரு விக்கல். "நாளைக்கு டாக்டர்கிட்ட... விக்... நானும் வரேன்டி."

"நானும்தான்," என்றது ஒரு குரல். அதற்கும் விக்கல் எடுத்தது.

அப்போதுதான் தாளைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தேன்.

5

டாக்டர் தலையசைத்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். உதட்டைப் பிதுக்கினார் என்று இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன். டாக்டர் வீட்டுக் குழாயடியில் யார் யார் துப்புவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் இதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், வாயில் வெற்றிலையோடு. நான் தாளுக்குப் பின்னால்தான் இருக்கிறேன். நீங்கள் துப்பினாலும் விழுங்கினாலும் காது கேட்கும்.